எதிர்ப்புச் சக்தி கூடினால் எங்கட அத்தானுக்கு ஆகாது

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கோ" எண்டு வாற வட்ஸ்அப் செய்தியளை ஆரேன் சட்டம் போட்டு நிப்பாட்டப் போறியளெண்டால், முதல் கையெழுத்து என்ர.

கோவத்துக்குக் காரணம் ஒரு பார்சல்.

ரொறன்ரோவில இருக்கிற எங்கட மாமா ஒருத்தர் (பேர் போடேல்லை, மனுசன் இதை வாசிக்கிறவர்) அத்தானுக்கு ஒரு போத்தல் தூள் அனுப்பியிருக்கிறார். சீந்தில், அமுக்கிரா, மஞ்சள், மிளகு, இன்னும் என்னென்னவோ. போத்தலில பெரிய எழுத்தில "எதிர்ப்புச் சக்தியைப் பல மடங்கு பெருக்கும்" எண்டு கிடக்கு. கூடவே ஒரு குரல் செய்தி. காலமை வெறும் வயித்தில ஒரு கரண்டி, சுடுதண்ணியில. கிட்னி மாத்தின உடம்பாம், பலம் வேணுமாம்.

அத்தான்ர உடம்பில எதிர்ப்புச் சக்தி பல மடங்கு பெருகினால் அது முதல்ல போய் அடிக்கிறது அந்தக் கிட்னியைத்தான்.

அன்பில அனுப்பினது. அதால பேசவும் ஏலாமல் கிடக்கு. ஃபோன் எடுத்து மெல்லமாச் சொன்னன்: "மாமா, அத்தானுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் குளிசை குடுக்கினம்."

"குறைக்கவோ? உங்கட டொக்டர்மாருக்கு என்ன விசரோ?"

சரி. இந்தப் பதிவு மாமாவுக்கு. மாமாவைப் போல யோசிக்கிற மிச்ச ஆக்களுக்கும்.

(நான் டொக்டர் இல்லை. அத்தானுக்குப் பிரெஞ்சு வராது எண்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போற ஆள். அங்க கேட்டதும், கேட்டது விளங்காமல் வீட்ட வந்து வாசிச்சதும்தான் இது. உங்கட குளிசையில கை வைக்க முதல் உங்கட கிளினிக்கைக் கேளுங்கோ.)

முதல்ல கிட்னி. அக்கா குடுத்தது. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தத்தில எட்டுச் சரி எண்டு சாத்திரியார் எழுதிக் குடுத்தவர். திசுப் பொருத்தம் பாத்தபோது அவ்வளவுக்கு இல்லை. பெண்சாதி புருசன் தானே, இரத்த உறவில்லை. ஆனாலும் இப்ப இருக்கிற மருந்துக்கு அது காணும். வாழ்க்கைத்துணை குடுத்த கிட்னி நல்லா வேலை செய்யும் எண்டு டொக்டர்மார் சொல்லினம், செய்யுதும்.

ஆனா அத்தான்ர உடம்புக்கு இது அக்காவின்ட அன்புப் பரிசு எண்டு தெரியாது. பிறத்தி எண்டுதான் தெரியும். பிறத்தியைக் கண்டால் வெள்ளையணுக்கள் சும்மா விடாது. விட்டால் கிட்னி போச்சு. அதுக்குப் பேர்தான் ரிஜெக்சன்.

இதில நாங்கள் இருக்கிற மொன்றியலுக்கு ஒரு பெருமை இருக்கு. கனடாவில முதல் முதல் கிட்னி மாத்தினது இங்கதான். 1958, ரோயல் விக்டோரியா ஆஸ்பத்திரி, ஜோன் டொசெட்டர் எண்ட டொக்டர் ஒழுங்குபடுத்தினது. மலைச்சரிவில அந்தப் பழைய கட்டிடம் இன்னும் நிக்குது. (ஆஸ்பத்திரி 2015இல வொந்தோம் மெட்ரோவுக்குப் பக்கத்தில புது இடத்துக்குப் போட்டுது.) குடுத்தவவும் வாங்கினவவும் ஒரே கருவில பிறந்த இரட்டைச் சகோதரியள். அதுக்கு நாலு வருசம் முந்தி பொஸ்ரனில ஜோசப் மரே எண்ட டொக்டர் செய்து வெண்டதும் இரட்டையருக்குத்தான்.

ஏன் இரட்டையர்? அவையளுக்குள்ள பிறத்தி எண்ட கதையே இல்லை. ஒருத்தியின்ட கிட்னி மற்றவளின்ட உடம்புக்குத் தன்ர கிட்னி. ரிஜெக்சன் இல்லை, அதை அடக்க மருந்து வேண்டாம், எதிர்ப்புச் சக்தியும் குறையாது, அதால வைரஸ் பயமும் கூடாது.

எங்களில எத்தினை பேருக்கு இரட்டைப் பிறப்பு இருக்கு? மிச்ச எல்லாருக்கும் குளிசை. கிட்னி இருக்குமட்டும் குளிசை.

அத்தானுக்கு மூண்டு. டக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோன். காலமை எட்டு மணி, இரவு எட்டு மணி. நேரம் தப்பக்கூடாது. இதுக்கு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. முதல்ல ஃபோன் அலாரத்துக்கு அத்தான் கெட்டிமேளச் சத்தம் வைச்சவர். (ரசிகன்.) காலமை முகூர்த்தக் கலியாணம் ஒண்டில அது அடிச்சது, ஒரு சனத்துக்கும் வித்தியாசம் தெரியேல்லை, அத்தானுக்கும் தெரியேல்லை. பிறகு அக்காவின்ட குரலைப் பதிஞ்சு வைச்சவை. அதை அத்தான் பழக்கத்தில காதில விழுத்தேல்லை. இப்ப நாய் குரைக்கிற சத்தம். அது சரிவருது.

இரத்தம் குடுக்கிற நாள் இன்னொரு கூத்து. டக்ரோலிமஸ் அளவு பாக்கிறது அடுத்த குளிசைக்குச் சற்று முந்தி, இரத்தத்தில மருந்து ஆகக் குறைவா இருக்கிற நேரத்தில. அதால அண்டைக்குக் காலமைக் குளிசையைப் போடாமல் போகோணும். மைனஸ் இருபதில, இருட்டோட, சட்டைப்பைக்குள்ள குளிசையைக் கடதாசியில சுத்தி வைச்சுக்கொண்டு அத்தான் வரிசையில நிப்பார். ஊசியைக் கழட்டிப் பஞ்சை வைச்ச உடன, தாதி லேபிள் ஒட்டி முடிக்கேக்க, இவர் குளிசையை வாயில போட்டிடுவார். தண்ணிப் போத்தலை நான் திறந்து வைச்சிருக்கோணும். அது என்ர உத்தியோகம்.

அந்த டக்ரோலிமஸ் இலக்கம் குறைஞ்சால் ரிஜெக்சன் பயம். கூடினால் கை நடுங்கும், சீனி ஏறும், அந்த மருந்தே கிட்னியைப் பழுதாக்கும். கூடுதலா அடக்கினால் வைரஸ் எழும்பும்.

(கிட்னி பழுதாகப் பழுதாக இரத்தத்தில ஏறுற கிரியேட்டினினைப் பாக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில 1.2, 1.5 எண்டு சொல்லுறதை இங்க வேற அளவில 106, 133 எண்டு எழுதுவினம். இங்கத்தைய இலக்கத்தை 88ஆல பிரிச்சுப் பாருங்கோ. அத்தானுக்கு 130 எண்டதைக் கேட்டு ஊரில ஒருத்தர் நேத்தி வைச்சிட்டார்.)

இனி வைரசுக்கு வாறன்.

ஒரு நாள் கிளினிக்கில இருந்து ஒருங்கிணைப்புத் தாதி ஃபோன் பண்ணினவ. இரத்தத்தில பிகே வைரஸ் தெரியுதாம். மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக் குறைக்கட்டாம். அடுத்த கிழமை திரும்ப இரத்தம்.

வீட்டில விசாரணைக் கமிசன் தொடங்கிட்டுது.

"தேருக்குப் போகாதேங்கோ எண்டு சொன்னனான், கேட்டியளே?" இது அக்கா.

"மச்சாள்ட பேரனுக்கு மூக்கால ஓடினது. அவன்தான் மடியில ஏறி இருந்தவன்." இது அம்மா.

"சாமத்திய வீட்டில மாஸ்க்கைக் கழட்டிப்போட்டுப் படத்துக்கு நிண்டவர்." இது நான். (படம் என்னட்ட இருக்கு.)

கிளினிக்குக்குப் போய் நான் இந்தச் சந்தேக நபர் பட்டியலை முழுசாப் பிரெஞ்சில சொன்னன். தாதி பொறுமையாக் கேட்டிட்டுச் சொன்னவ, இது போன மாசம் தொத்தினதில்லை எண்டு. பிகே வைரஸ் எங்கள் கனபேருக்குச் சின்ன வயசிலேயே வந்திடும். வளந்தவையில நூறுக்கு எண்பது பேருக்கு மேல அது வந்து போன அடையாளம் இரத்தத்தில இருக்கும். பெரிசா ஒண்டும் காட்டாது. வந்திட்டுப் போகவும் மாட்டுது. கிட்னியிலயும் சலம் போற குழாயளிலயும் படுத்திடும். சீவியம் முழுக்கச் சத்தமில்லாமல் கிடக்கும், எதிர்ப்புச் சக்தி காவல் நிக்குமட்டும். காவலைக் குறைச்சால் எழும்பும்.

அப்ப எங்க இருந்து எழும்பினது? கனதரம் புதுக் கிட்னிக்குள்ள இருந்துதானாம்.

நான் இதைத் தமிழில சொன்ன உடன அக்காவின்ட முகம் போன போக்கைப் பாக்கோணும். "அப்ப என்ர கிட்னியோட நான்தானே குடுத்தனான்?"

அத்தான் திரும்பிப் பாத்தார். "சீதனம் வேண்டாம் எண்டு சொல்லித்தானே உன்னைக் கட்டினனான். கேக்காமலே வருது பார்."

அக்கா அழுகிறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியாமல் அவரின்ட தோளில ஒரு அடி போட்டா. தாதி என்னைப் பாத்தவ. மொழிபெயர்க்க நான் துணியேல்லை.

பிகே எண்டது ஒரு ஆளின்ட பேரின்ட முதல் எழுத்துகள். 1971இல லண்டனில சில்வியா கார்ட்னர் எண்ட ஆராய்ச்சியாளர், கிட்னி மாத்தின அந்த ஆளின்ட சலத்தில இருந்து இந்த வைரசைக் கண்டுபிடிச்சவ. பிறகு கனகாலம் ஆரும் இதைப் பெரிசா எடுக்கேல்லை. 1990களில டக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் எண்டு பலமான மருந்துகள் வந்தாப்பிறகுதான், ரிஜெக்சன் குறைஞ்ச அதே நேரத்தில, இது கிட்னியைத் தின்னத் தொடங்கினது. இப்ப மாத்தினாப்பிறகு முதல் ஒன்பது மாசம் மாசாமாசம் பாக்கிறது, பிறகு ரெண்டு வருசம் வரைக்கும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் எண்டு வழிகாட்டுதல் இருக்கு. நோயாளிக்கு ஒண்டும் தெரியாது. காய்ச்சல் இல்லை, நோ இல்லை, சலமும் ஒழுங்காப் போகும். இரத்தத்திலதான் தெரியும். அதால "நான் நல்லாத்தானே இருக்கிறன்" எண்டு இரத்தம் குடுக்காமல் விடுற ஆக்கள் கவனம்.

இதுக்கு மருந்து என்ன எண்டு கேட்டன். நேரடியா அடிக்கிற மருந்து இல்லையாம். லெவோஃப்ளொக்சசின் எண்ட அன்டிபயோட்டிக் தடுக்கும் எண்டு ஒரு நம்பிக்கை இருந்தது. கனடாவிலேயே 7 மாற்று மையங்களில 154 பேருக்குக் குடுத்தும் குடுக்காமலும் பாத்தவை. ஒட்டாவா டொக்டர் கிரெக் நோல் தலைமையில 2014இல முடிவு வந்தது: தடுக்கேல்லை. மிஞ்சினது ஒரே வழி. அடக்குற மருந்தைக் குறைச்சு, உடம்பைக் கொஞ்சம் முழிக்க விட்டு, அதுவே வைரசை அடக்கட்டும் எண்டு விடுறது.

மாமா உடனே கேப்பார்: "அப்ப எதிர்ப்புச் சக்தி வேணும்தானே? அதைத்தானே நானும் சொன்னனான்!"

வேணும். எவ்வளவு எண்டதுதான் கேள்வி. முழிக்கிற உடம்பு வைரசை மட்டும் பாத்து அடிக்காது. பக்கத்தில கிட்னியையும் காணும்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான், அல்லது அதுவெண்டு பயந்தம். மருந்தைக் குறைச்சாப்பிறகு கிரியேட்டினின் மெல்ல ஏறினது. ஏன் ஏறுது? ரெண்டு பதில் இருக்கு. ஒண்டு, வைரஸ் கிட்னியைத் தின்னுது. அப்பிடியெண்டால் மருந்தை இன்னும் குறைக்கோணும். மற்றது, மருந்து குறைஞ்சதால ரிஜெக்சன் தொடங்கிட்டுது. அப்பிடியெண்டால் மருந்தைக் கூட்டோணும், ஸ்டீரோய்ட் ஊசி போடோணும்.

ஒண்டுக்கொண்டு நேர் எதிர். ஒண்டுக்கு வைத்தியம் செய்தால் மற்றதுக்கு எண்ணெய் ஊத்தின மாதிரி.

தலைசுத்துற விசயம், மைக்ரோஸ்கோப்பில பாத்தாலும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்குமாம். கிட்னிக் குழாயளுக்குள்ள வெள்ளையணுக்கள் புகுந்து நிக்கும், ரெண்டிலயும். பிரிச்சுக் காட்ட ஒரு சாயம் போடுவினம். அது குரங்கு வைரஸ் ஒண்டுக்கெண்டு செய்த சாயம், பிகே அதுக்குச் சொந்தக்காரன் எண்டபடியால் இதிலயும் பிடிக்கும். சில ஆக்களுக்கு ரெண்டும் சேந்தே இருக்கும். அந்த நேரம் டொக்டர்மாரும் தலையைச் சொறிவினம்.

கிட்னியில துளி சதை எடுத்துப் பாக்கிற பயாப்சி எண்ட உடன அத்தான் குப்புறப் படுக்க வெளிக்கிட்டார், முந்திப் பழைய கிட்னிக்கு முதுகால எடுத்த ஞாபகத்தில. புதுக் கிட்னி முன்னுக்கு, அடிவயித்தில ஒரு பக்கமா இருக்கு. தோலுக்கு அடியில கை வைச்சால் தெரியும். பழைய ரெண்டையும் பொதுவா எடுக்கமாட்டினம், அது அது இருந்த இடத்தில சுருங்கிப்போய்க் கிடக்கும். இது கன சனத்துக்குத் தெரியாது. அத்தான்ர கணக்குக்கு அவருக்கு மூண்டு கிட்னி. விறைக்கப் பண்ணிப்போட்டு மெல்லிய ஊசி, ஒரு 'டக்' சத்தம், நூல் அளவு சதை. பிறகு மணித்தியாலக் கணக்கில மல்லாந்து அசையாமல் கிடக்கோணும், இரத்தம் கசியாமல் இருக்க. அத்தானுக்கு ஊசி ஒரு பிரச்சினையே இல்லை. கதைக்கேக்க கையை ஆட்டாமல் இருக்கிறதுதான் பெரும்பாடு.

முடிவு: வைரஸ். ரிஜெக்சன் தெரியேல்லை. டக்ரோலிமசையும் கொஞ்சம் இறக்கினவை. வைரஸ் எண்ணிக்கை இப்ப இறங்குது, ஆனா அவசரமில்லாமல். கிரியேட்டினின் பழைய இடத்துக்குத் திரும்பேல்லை. திரும்பாது எண்டும் சொல்லிட்டினம். பழுதாப்போன பகுதி பழுதுதான், மிச்சத்தைக் காப்பாத்துவம் எண்டு நிக்கிறம்.

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி எண்டு சும்மாவோ சொன்னவை.

பிகே மட்டுமில்லை. சிஎம்வி எண்டு ஒண்டு. அதுவும் ஒருக்கால் வந்தால் உடம்பை விட்டுப் போகாத சாதி. குடுக்கிறவருக்கு இருந்து வாங்கிறவருக்கு இல்லாட்டில்தான் பெரிய பயம், புதுக் கிட்னியோட புது வைரசும் ஒண்டா வருமெல்லோ. அந்த ஆக்களுக்கு வல்கான்சிக்ளோவிர் எண்ட குளிசையை ஆறு மாசமளவு குடுப்பினம். இலங்கையிலயும் இந்தியாவிலயும் வளந்த எங்களில கனபேருக்குச் சின்ன வயசிலயே வந்திட்டுது. இங்க பிறந்த எங்கட பிள்ளையளுக்குத்தான் இல்லாமல் இருக்கலாம். அம்மா மகனுக்குக் குடுக்கிற வீடுகளில இது யோசிக்கவேண்டிய விசயம். சிஎம்வி எழும்பினால் காய்ச்சல், வயித்தோட்டம் மட்டுமில்லை. அதை அடிக்கக் கிளம்புற வெள்ளையணுக்கள் கிட்னியிலயும் கோவத்தைக் காட்டுறதால ரிஜெக்சனும் கூடுமாம். ரிஜெக்சனுக்கு மருந்தைக் கூட்டினால் திரும்ப வைரஸ். செக்கு மாடு சுத்துற மாதிரி ஒரே வட்டம்.

கொப்புளிப்பானும் (அம்மாள் வருத்தம்) கவனிக்கோணும். குளிர் நாட்டில முந்தி பிள்ளை வயசிலேயே வந்து போயிடும். எங்கட சூட்டு நாடுகளில வராமலே வளந்தவை கனபேர். கிட்னி மாத்தினாப்பிறகு முதல் தரம் வந்தால் உயிராபத்து. அதின்ட தடுப்பூசி உயிருள்ள வைரசால செய்ததெண்டபடியால் மாத்தினாப்பிறகு போடவும் ஏலாது. கிட்னிக்கு வரிசையில நிக்கிற ஆக்கள் முதலே கேட்டுப் போடுங்கோ.

கொரோனாவுக்குக் குடுக்கிற பாக்ஸ்லோவிட் இன்னொரு பொறி. அதுக்குள்ள இருக்கிற ரிட்டோனவிர் டக்ரோலிமசை உடம்பு கரைக்க விடாது. மருந்தளவு கிடுகிடுவெண்டு ஏறிடும். கிரேப்ஃபுரூட் பழமும் அந்த வேலையைத்தான் செய்யும், பம்பளிமாசும் அப்பிடித்தான். அத்தானுக்கு மார்மலேட் உயிர், சிலதில அந்தப் பழம் கிடக்கும். இப்ப அக்கா கடையில ஒவ்வொரு போத்தலையும் பின்னால திருப்பி, கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தா வாசிக்கிறா.

இவ்வளவு எரிச்சலுக்கும் நடுவில என்னைச் சந்தோசப்படுத்தின கதை ஒண்டு சொல்லோணும். இது முழுக்க மொன்றியல் கதை.

இந்த அடக்குற மருந்துகளில மூண்டின்ட தாய்வீடு மண். உண்மையான மண். சைக்ளோஸ்போரின் நோர்வே மண்ணில கிடைச்ச பூஞ்சையில இருந்து. டக்ரோலிமஸ் 1984இல ஜப்பானில, சுக்குபா மலையடி மண்ணில இருந்த பக்டீரியாவில இருந்து. மூண்டாவது ராப்பமைசின்.

1964 கடைசியில கனடாவில இருந்து ஒரு டொக்டர் கூட்டம் கப்பலேறி ஈஸ்டர் தீவுக்குப் போனது. பெரிய கல் தலையள் நிக்குதே, அந்தத் தீவு. தலைவர் மெக்கில் பல்கலைக்கழகத்து ஸ்டான்லி ஸ்கொரினா. கூடப்போன மொன்றியல் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ஜோர்ஜ் நோக்ராடி தீவு முழுக்க மண் அள்ளிக்கொண்டு வந்தார். அந்த மண் பிறகு மொன்றியலில இருந்த ஏயர்ஸ்ட் மருந்துக் கம்பனி ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்க வேலை செய்த சுரேன் சேகல் அதுக்குள்ள இருந்த பக்டீரியாவில இருந்து ஒரு புதுப் பொருளைப் பிரிச்செடுத்தார். தீவின்ட சொந்தப் பேர் ராப்பா நுய், அதால ராப்பமைசின். சேகல் இப்ப பாகிஸ்தானில இருக்கிற குஷாபில பிறந்து, காசியில படிச்ச மனுசன்.

பூஞ்சைக் கொல்லியெண்டுதான் முதல்ல பாத்தவை. அது எதிர்ப்புச் சக்தியையும் அடக்குது எண்டு கண்ட உடன கம்பனிக்கு ஆர்வம் போச்சுது. 1980களின்ட தொடக்கத்தில ஆய்வுகூடத்தையே மூடி, சேகலை அமெரிக்காவுக்கு மாத்தினவை. மனுசன் என்ன செய்தார் தெரியுமோ? கடைசியா ஒருக்கால் அந்தப் பக்டீரியாவை வளத்து, வீட்டு ஃபிரீசருக்குள்ள ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில வைச்சிட்டார். மேல "தின்னவேண்டாம்" எண்டு எழுதி. வீடு மாறேக்க ஃபிரீசரோடயே கொண்டுபோனார். கம்பனி வேற கம்பனியோட சேந்து புது நிர்வாகம் வந்தாப்பிறகு திரும்பக் கதைச்சுப் பேசி, 1999இல அமெரிக்காவில கிட்னி மாத்தின ஆக்களுக்கு மருந்தா அனுமதி கிடைச்சுது.

எங்கட வீட்டு ஃபிரீசரில ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள மீன்தான் இருக்கும். அவர் வீட்டில சரித்திரம் இருந்திருக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டால், இந்த ராப்பமைசின் குடும்ப மருந்துகளுக்கு வைரஸ் பக்கத்தில ஒரு நல்ல குணம் இருக்கு. ராப்பமைசினின்ட தம்பி எவரோலிமசை வைச்சு 2,000 பேருக்கு மேல சேத்துச் செய்த ஒரு சோதனை 2018இல வெளிவந்தது. எவரோலிமசோட டக்ரோலிமஸ் வகை மருந்தைக் குறைச்சுக் குடுத்தவையில சிஎம்வியும் பிகேயும் குறைவு. ரிஜெக்சன் கூடேல்லை. அப்ப எல்லாருக்கும் குடுக்கலாமே எண்டு நானும் துள்ளிக் குதிச்சுக் கேட்டன். வாய்ப்புண், காயம் ஆற நேரமெடுக்கிறது, கொழுப்பு ஏறுறது, சலத்தில புரதம் போறது எண்டு அதுக்கும் ஒரு பட்டியல் இருக்கு. அந்தச் சோதனையிலயும் பக்கவிளைவால மருந்தை விட்டவை எவரோலிமஸ் பக்கம்தான் கூட. அத்தானுக்கு ஏற்கனவே கொழுப்பு. (ரெண்டு வகையும்.) இப்போதைக்கு இல்லை எண்டினம்.

எல்லாச் சிக்கலுக்கும் அடியில கிடக்கிறது ஒண்டுதான். இரத்தத்தில டக்ரோலிமஸ் எவ்வளவு எண்டு அளக்கலாம். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு எண்டு அளக்க ஒழுங்கான கருவி இல்லை. ஒரே அளவு மருந்து ஒருத்தருக்குக் காணாது, இன்னொருத்தருக்குக் கூடிப்போச்சு.

அதுக்கும் ஒரு வைரசைத்தான் பிடிச்சிருக்கினம்! 1997இல ஜப்பானில கண்ட டோர்க் டெனோ வைரஸ். கிட்டத்தட்ட எல்லார் உடம்பிலயும் இருக்கு, தெரிஞ்ச தீமை ஒண்டும் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறையக் குறைய இரத்தத்தில அது கூடும். கூடக் கூட அது குறையும். அதை எண்ணினால் அடக்கினது கூடவோ குறைவோ எண்டு மதிக்கலாம். வியன்னா டொக்டர்மார் முன்னுக்கு நிண்டு ஐரோப்பாவில சோதிக்கினம். எங்கட சாதாரண கிளினிக் ரான்டேவூவுக்கு அது இன்னும் வரேல்லை. வந்தால் அத்தானைப் போல ஆக்களின்ட தலையெழுத்தை ஊகத்தில எழுதுறது குறையும்.

இவ்வளவு படிச்ச டொக்டர்மாரே ஒவ்வொரு மில்லிகிராமா ஏத்தி இறக்கி அளந்துகொண்டிருக்கேக்க, ஒரு கரண்டி தூளில பல மடங்கு பெருக்கிறதாம். சீந்தில் விசயம் பகிடியில்லை. கொரோனா நேரம் எதிர்ப்புச் சக்திக்கெண்டு அதைக் குடிச்சு ஈரல் பழுதாப்போன ஆக்களைப் பற்றி மும்பை டொக்டர்மார் 2021இல எழுதினவை. எதிர்ப்புச் சக்தி தன்ர ஈரலையே அடிச்ச மாதிரியான பாதிப்பு. அது தன்ர சொந்த ஈரல். இஞ்ச இருக்கிறது இரவல் கிட்னி.

ஆனபடியால் கிட்னி மாத்தின வீட்டுக்கு வாற ஆக்களுக்குச் சில விசயம்:

தடிமன், இருமல், காய்ச்சல் எண்டால் வராதேங்கோ. பிகேயைக் குடுத்தது மச்சாள்ட பேரன் இல்லைத்தான். ஆனா இன்ஃபுளுவென்சாவைக் குடுக்கலாம். அவனைக் கொஞ்சுறதை ஒரு கிழமை பிந்திக் கொஞ்சலாம்.

உங்கட தடுப்பூசியளை ஒழுங்காப் போடுங்கோ. அத்தானைப் போல ஆக்களுக்கு ஊசி போட்டாலும் அரைகுறையாத்தான் பிடிக்கும். சுத்தி இருக்கிற நாங்கள்தான் அவையளுக்குக் காவல்.

தூள், லேகியம், கசாயம் ஒண்டும் கொண்டுவராதேங்கோ. சமையலில போடுற மஞ்சளும் மிளகும் பிரச்சினையில்லை, போத்தலில அடைச்சு மருந்தெண்டு வாறதுதான் பிரச்சினை. நெருஞ்சிமுள்ளுத் தண்ணியும் வேண்டாம்.

"ஆள் நல்லாத்தானே இருக்கிறார், இனி ஏன் குளிசை?" எண்டு கேக்காதேங்கோ. குளிசையாலதான் நல்லா இருக்கிறார்.

"எங்க தொத்தினது?" எண்டும் கேக்காதேங்கோ. அக்கா இப்பவும் அந்தக் கேள்விக்கு முகம் சுருங்குறா. ஒரு கிட்னியைக் கழட்டிக் குடுத்த மனுசியிட்ட அதுக்கு விளக்கமும் கேக்கக்கூடாது.

இனிக் கடைசி விசயம். வைரசாலயோ ரிஜெக்சனாலயோ ஒரு கிட்னி போனால், அந்த ஆள் திரும்ப டயாலிசிசுக்கும் காத்திருக்கிற வரிசைக்கும்தான் போகோணும். எல்லாருக்கும் வீட்டில குடுக்க ஒரு அக்கா இருக்கமாட்டா. கியூபெக்கில ஒரு சின்ன வேலை செய்தால் அந்த வரிசை கொஞ்சம் நகரும். சுகாதார அட்டையின்ட பின்பக்கம் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கு. உறுப்புத் தானத்துக்குச் சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சு ஒட்டுறது. நொத்தாரிசிட்டயும் பதியலாம். ஒட்டினாப்பிறகு வீட்டாக்களிட்டயும் ஒருக்கால் வாயால சொல்லி வையுங்கோ.

நான் ஒட்டிட்டன். அக்காவும் ஒட்டிட்டா. அத்தானும் பேனையை எடுத்துக்கொண்டு வந்து குந்தினார். மூண்டு கிட்னி இருக்கு, ஒண்டாவது ஆருக்கும் உதவாதோ எண்டு.

அக்கா நிமிந்தும் பாக்கேல்லை. "கண்ணை எழுதுங்கோ. அதைத்தான் நீங்கள் பாவிக்கிறதே இல்லை. மேசையில வைச்ச குளிசை இன்னும் அங்கதான் கிடக்கு."